காலனிப் பள்ளிக்கூடத்துச் செங்கல்

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மதிவாணன், கீழ்வேளூருக்கு வெளியே வீடு கட்டத் தொடங்கினார். இயற்கையைக் கெடுக்காத வீடாக இருக்க வேண்டும் என்றார். பொறியாளர் சுடர்விழிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

"இடிச்ச கட்டடத்துச் செங்கல் வாங்கிடலாம் சார். சிமெண்ட்டுல கட்டினா பிரிக்கும்போது கல்லு உடைஞ்சுடும். சுண்ணாம்புச் சாந்துன்னா பின்னாடி முழுசா எடுக்கலாம்."

"சூப்பர் மேடம். அப்படியே செய்யுங்க."

பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இடித்தபோது ஏலத்தில் பன்னிரண்டாயிரம் கல் எடுத்தாள். கொத்தனார் வீரையன் அவள் தெருக்காரர். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, "கணீர்னு இருக்கு சுடரு" என்றார். ஜன்னல் மட்டம்வரை சுவர் ஏறியது. மதிவாணன் தினமும் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். அவர்களில் யாரோ கல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார்கள்.

ஒரு காலையில் மதிவாணன் காரைவிட்டு இறங்கியதுமே கேட்டார்: "இது காலனிப் பள்ளிக்கூடத்துக் கல்லா?"

"ஆமாம் சார். ரசீதுலயே இருக்கே."

"முன்னாடியே சொல்ல வேணாமா? நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல. ஆனா அந்தப் பக்கம் சாமி ரூம் வருது. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. சூளையிலேர்ந்து புதுக்கல் எறக்கிடுங்க."

"சூளையில கல்லு அறுக்கறதும் எங்க தெரு ஆளுங்கதான் சார். அந்தப் பள்ளிக்கூடத்துலதான் நானும் படிச்சேன்."

மதிவாணன் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அது நெருப்புல வெந்து வருதும்மா."

"இதுவும் வெந்த கல்லுதான்."

"சரி விடு. பிரிச்சு வேற எங்கயாவது வித்துடு. முழுசா வரும்னு நீதானே சொன்ன?" என்று சிரித்தார்.

ஒரு நொடியில் மேடம் போய் நீ வந்துவிட்டது. இந்த ஆளுக்காகவா ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தோம்? சுடர்விழி மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"என் பேரு இந்த வீட்டுல எங்கயும் இருக்கக் கூடாது."

மறுநாள் வீரையனும் ஆட்களும் வேலைக்குப் போகவில்லை. மதிவாணன் ஜேசிபி கொண்டுவந்து சுவரை இடித்தார். கல்லெல்லாம் நொறுங்கிப் போயிற்று. நாலு நாள் கழித்து வீரையன் போன் செய்தார்.

"உடைஞ்ச கல்ல மாட்டுக்கொட்டகைத் தரைக்குக் கொட்டிட்டான் சுடரு. மாடு மிதிக்கலாமாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடர்விழி தட்டைத் தள்ளிவைத்தாள். அங்கே கட்டாமல் அடுக்கி வைத்ததில் இன்னும் நாலாயிரம் கல் மிச்சம் இருந்தது. மறுநாள் விடிந்ததும் லாரியோடு போனாள். வீரையனோடு சேர்ந்து தானும் கல்லைத் தூக்கி ஏற்றினாள்.