திருவுளம் இல்லைங்க

எங்கள் ஊரில் மறுத்துப் பேசச் சொல் இல்லாமல் இல்லை. பேச ஆள்தான் இல்லை.

சும்பர்வாரு கிராம அலுவலகத்தில் இருபத்துமூன்று வருடம் எழுத்தராக உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஊர்க்கூட்டம் நடக்கும்போது மேசை ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது என் வேலை. கூட்டம் நடப்பது எங்கள் ஜாவா மொழியில். குறிப்பு எழுதுவது அரசாங்க மொழியான இந்தோனேசியத்தில். அதிகாரி ஏதாவது சொல்வார், ஊரே சேர்ந்து ‘இங்கி’ என்று சொல்லும், நான் ‘அனைவரும் சம்மதித்தனர்’ என்று எழுதுவேன். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு வாழைப்பழ பஜ்ஜி சாப்பிடுவார்.

‘இங்கி’ என்றால் ஆமாம்தான். ஆனால் அது பெரியவர்களிடம் சொல்கிற ஆமாம். காதில் விழுந்தது என்றும் அதற்குப் பொருள் உண்டு. நீங்கள் பேசும்போது நான் குறுக்கே பேசுவேனா என்றும் பொருள் உண்டு. சீக்கிரம் முடித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன் என்றும் பொருள் உண்டு. ‘இங்கி இங்கி என்பான், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது’ என்று எங்களைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்வோம். இவ்வளவும் தெரிந்துதான் நான் சம்மதித்தனர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நாற்காலியும் பேனாவும் கிடைத்தால் மனிதன் எதையும் எழுதுவான்.

இத்தனைக்கும் எனக்கு எங்கள் மொழியின் மேல் ஒரு கிறுக்கே உண்டு. அதில் படிகள் இருக்கின்றன. கூட்டாளியோடு பேச ஒரு படி. பெரியவர்களோடு பேச ஒரு படி. அதற்கும் மேலே, பெரியவர்கள் செய்கிற காரியங்களைச் சொல்வதற்கென்றே தனிச் சொற்கள். நான் தின்பேன், என் மாமனார் சாப்பிடுவார், சுல்தான் அமுது செய்தருளுவார். சோறு ஒன்றுதான். இரண்டு பேருக்குள் சண்டை என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் கூச்சல் கேட்க வேண்டாம். நேற்றுவரை ‘நீ’ என்றவன் இன்றைக்குத் ‘தாங்கள்’ என்றால் போதும், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். இப்படி ஒரு நுட்பம் வேறெங்கே கிடைக்கும் என்று நான் பெருமையடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அறுவடை முடிந்ததும் ஊர் நாடகக் குழுவுக்குக் கதை எழுதிக் கொடுப்பவனும் நான்தான். ராஜா வருவார், மந்திரி வருவார், பின்னாலேயே வேலைக்காரி வந்து, “நான் இப்பத்தான் அமுது செய்தருளினேன் மகாராஜா” என்பாள். கொட்டகையே குலுங்கும். பெரியவர்களுக்கு உரிய சொல்லைத் தனக்கே போட்டுக்கொள்வது, படிக்காத சனம் பதற்றத்தில் செய்கிற பிழை. எங்கே மரியாதை குறைந்துவிடுமோ என்று பயந்து, வாய்க்குக் கிடைத்த பெரிய சொல்லை எடுத்து வீசிவிடுவார்கள். அந்த ஒரு பிழையை வைத்தே எட்டு நாடகம் ஓட்டியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே பிழையைச் செய்கிறவர்கள்.

அந்த வருடம் சந்தையை மாற்றப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எங்கள் சந்தை பேருந்துச் சாலையை ஒட்டி, ஒன்பது புளியமரங்களுக்கு அடியில் கூடுகிறது. புதிய கட்டடமோ இரண்டு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில். தகரக் கூரை, சிமெண்டுத் தரை எல்லாம் உண்டு. பேருந்து மட்டும் அங்கே போகாது.

முதல் மரத்தடியில் பெசெல் விற்பவள் துமிரா அக்கா. வேகவைத்த கீரையும் முளைவிட்ட பயறும் சோற்றின்மேல் வைத்து, காரமான கடலைச் சாந்தை ஊற்றித் தேக்கிலையில் மடித்துக் கொடுப்பாள். பேருந்து ஐந்து நிமிடம் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் இருபது பொட்டலம் சன்னல் வழியாக உள்ளே போய்விடும். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களை அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில்தான் வளர்த்து ஆளாக்கினாள். சந்தை உள்ளே போனால் பேருந்து சனம் போய்விடும். பேருந்து சனம் போனால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

கூட்டத்தன்று காலையில் அவளிடம்தான் சாப்பிட்டேன்.

“என்ன தம்பி, இன்னைக்கு என்ன எழுதப் போற? நாங்க சம்மதிச்சோம்னுதானே?”

“நீங்க எல்லாரும் இங்கின்னு சொன்னா நான் என்னக்கா பண்றது?”

“அதிகாரி மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்லுறது? மாட்டேன்னா? அது நான் என் கூட்டாளிங்ககிட்ட சொல்லுற கீழ்ப்படிச் சொல்லு.”

“பணிவா மறுக்கவும் சொல்லு இருக்குக்கா.”

“இருக்கும், இருக்கும். உன் நாடகத்து ராணிக்கு இருக்கும்” என்று சாந்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அந்தச் சொல்லை நான் அப்போதே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் அதைக் கூட்டத்தில் சொல்லி, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேள்வி வந்தால்? அந்தக் காலத்தில் கூட்டத்தில் மறுத்துப் பேசியவர்கள் பெயர் அரசாங்கத்துக்கு வேண்டாதவர்கள் பட்டியலில் ஏறும். காரம் இன்றைக்கு அளவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஊர் மண்டபத்தில் பாய் விரித்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வட்ட அதிகாரி ஹார்தோயோ வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், சுல்தானின் அரண்மனை இருக்கிற நகரத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காய்கறி விற்கிறவளிடமும் மரியாதைப் படியில்தான் பேசுவார். அவர் பேசினால் பழைய வெள்ளிக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். நானே வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். சந்தை இடம் மாறுவதால் விளையும் நன்மைகளை அரைமணி நேரம் அழகாகச் சொன்னார்.

“அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?”

“இங்கி” என்றது மண்டபம்.

நான் ‘அனைவரும்’ என்று எழுதி முடித்துவிட்டேன். அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நல்ல பேச்சு பேசியவருக்குக் கொஞ்சம் ஆசை வரும்.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி கூட்டமா சொன்னா எப்படி? யாராவது ஒருத்தர் வாயால கேக்கலாமே. முன்னால இருக்கற அம்மா, நீங்க சொல்லுங்க.”

முன்னால் இருந்தது துமிரா அக்கா. எழுந்தாள். முந்தானைத் துணியைக் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கினாள். 

“ஐயா, எனக்கு வந்து... எனக்கு அதுல திருவுளம் இல்லைங்க.”

அவள் சொன்ன சொல் ‘கெர்சா’. சுல்தானுக்கு விருப்பமா என்று கேட்க நாங்கள் வைத்திருக்கும் சொல். பெசெல்காரி அதைத் தனக்குப் போட்டுக்கொண்டுவிட்டாள்.  எல்லாரும் சிரித்தார்கள். எட்டு நாடகம் பழக்கிவிட்ட சிரிப்பு. முதலில் சிரித்தவன் நான்தான். அவள் கழுத்துவரை சிவந்துபோய் நின்றாள். என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

ஹார்தோயோ சிரிக்கவில்லை. கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். மொழியை மதிக்கிற மனிதர், பிழையைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க முடியாது.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. திருவுளம்னு மத்தவங்களைத்தான் சொல்லணும். தன்னைச் சொல்லிக்கக் கூடாது.”

“அப்படீங்களா. அப்ப எப்படிச் சொல்லணுங்க?”

“தன்னைச் சொல்றப்ப ‘மனசில்லைங்க’ன்னு வரணும். எங்க, என்கூடச் சொல்லுங்க. எனக்கு அதுல மனசில்லைங்க.”

கடைசிப் பாய் வரைக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டினார்.

“எனக்கு அதுல மனசில்லைங்க” என்றாள் துமிரா அக்கா.

“அவ்வளவுதான். எவ்வளவு அழகா வந்துருச்சு பாருங்க.”

அவள் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து டோஃபு விற்கும் மார்டோ எழுந்தான். எதற்கும் எழுந்திருக்காத ஆள்.

“ஐயா, என்னுதும் சரியா இருக்கான்னு பாருங்க. எனக்கு அதுல மனசில்லைங்க.”

“சரிதான்” என்றார் அதிகாரி.

கோழி விற்கிற கிழவி எழுந்தாள். அவள் சொல்லை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டாள். அவர் பழக்க தோஷத்தில் திருத்தினார். அவள் திருத்தமாகத் திரும்பச் சொன்னாள். அடுத்து கயிறு விற்பவன், பாத்திரக்காரன், மரவள்ளிக்காரி. ஒருவர் குரலும் உயரவில்லை. எல்லாரும் தலை குனிந்து, கையைக் கட்டி, மேல்படி மரியாதை ஒன்றுகூடக் குறையாமல் மறுத்துக்கொண்டே போனார்கள். இந்த மண்டபத்தில் இவ்வளவு சுத்தமான ஜாவா மொழியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பத்தாவது ஆள் எழுந்தபோதுதான் தாம் எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்று ஹார்தோயோவுக்குப் புரிந்தது. சிரித்தும் வைக்க முடியாது, சீறவும் முடியாது. பிழையில்லாமல் மரியாதையாகச் சொன்ன சொல்லை, அதுவும் தாமே சொல்லிக் கொடுத்ததை, திமிர் என்று எப்படிச் சொல்வார்? ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்தார், குடிக்காமலே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

‘அனைவரும்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன் இல்லையா, அதை அடிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சொல்லைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

“மறுத்தனர்னு எழுதியிருக்கேங்க.”

“கொஞ்சம் மென்மையா எழுத முடியாதா?”

“நம்ம பேச்சுல முடியுங்க. அரசாங்க மொழியில இந்தச் சொல்லுக்கு மேல்படி கீழ்படி கிடையாதுங்களே.”

 அவர் என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். “நல்லாப் பேசுறாங்க உங்க ஊர்க்காரங்க” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்று முதல் அந்த மனிதரையும் எனக்குப் பிடித்துப்போயிற்று. சந்தை இன்றும் புளியமரத்தடியில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் துமிரா அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“என்ன எழுதின தம்பி? படிச்சுக் காட்டு.”

“அனைவரும் மறுத்தனர்.”

“அந்த மறுத்தனர், உசந்த சொல்லா, தாழ்ந்த சொல்லா?”

“ரெண்டும் இல்லக்கா. அந்த மொழியில எல்லாருக்கும் அது ஒரே சொல்லு. நீ மறுத்தாலும் அதுதான், மந்திரி மறுத்தாலும் அதுதான்.”

அவள் இலையை மடிப்பதை நிறுத்தினாள்.

“அவ்வளவு சுலபமான சொல்லைக் கையில வச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா ஏன் எழுதல?”

பேருந்து வந்து நின்றது. சன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. அவள் அசையவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருந்துச்சுக்கா” என்றேன்.

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, பொட்டலங்களை அள்ளிக்கொண்டு பேருந்தை நோக்கி ஓடினாள்.