வடமுனைக்குப் போகிற வண்டியும் பதினாலு பார்சலும்

நீக்கிலாசுக்கு டேனிஷில் 'இல்லை' சொல்லத் தெரியும். முப்பத்தொரு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கு அதைச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவர். தமிழில்தான் அந்தச் சொல் அவருடைய வாயில் வராது. யாராவது "அண்ணை, ஒரு சின்ன உதவி" என்று தொடங்கினால், என்ன உதவி என்று கேட்க முன்பே "ஓம் ஓம், அதுக்கென்ன" என்று தலை ஆடிவிடும். பிறகு தலைக்குக் கீழே இருக்கிற உடம்பு ஓடித் திரியும். அதோடு சேர்ந்து மனைவி அருமைநாயகியின் உடம்பும் ஓடும்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு பழைய பிக்கப்பும், அதன் முதுகில் ஏற்றிப் பூட்டுகிற காம்பரும் வாங்கிக்கொண்டு டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காம்பர் என்றால் ஒரு சின்ன வீடு. சாரதியின் தலைக்கு மேலே படுக்கை, இரண்டு அடுப்பு, கை கழுவ ஒரு கிண்ணம், குனிந்து போய்க் குனிந்தே வெளியில் வருகிற கக்கூஸ். நோர்வேயின் வடமுனை வரைக்கும் ஓடி, இறங்காத சூரியனைப் பார்த்துவிட்டு வருவது என்பது திட்டம்.

அருமைநாயகிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய தாய் தகப்பனைத் தூக்கி இருத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறை என்று வந்தால் அதில் ஒரு கலியாணம் இருக்கும், ஒரு பிள்ளையின் முதல்நன்மைப் பூசை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு செத்தவீடு இருக்கும். இந்த முறைதான் சேர்ந்தாற்போல் மூன்று கிழமை கிடைத்தது. அவள் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள்.

"ஆற்றையும் வீட்டை போறேல்லை. ஆருக்கும் சமைக்கிறேல்லை. மூண்டு கிழமைக்கு ஒரு சொந்தக்காரற்றை முகமும் நான் பாக்கக்கூடாது."

"அப்ப என்ரை முகம்?"

"அது வண்டியோடை வாறது. என்ன செய்யிறது."

"ஓம் ஓம், அதுக்கென்ன," என்றார் நீக்கிலாஸ்.

இரண்டு மாதம் ஆயத்தம் நடந்தது. காம்பரை நாலு இரும்புக் கால்களில் நிறுத்தி, கூரையில் ஒழுகின இடத்துக்குப் பசை பூசினார். தண்ணீர்த் தொட்டியை வினாகிரி ஊற்றிக் கழுவினார். காஸ் குழாயில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மூக்கால் உரசாத குறையாகப் பார்த்தார். பிக்கப்பைப் பின்பக்கமாக விட்டுக் காம்பருக்குக் கீழே சரியாகச் செருகுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று. "வலது, வலது" என்று கத்தினவள் அருமைநாயகி. இடது பக்கம் திருப்பிவிட்டு அவளை ஏசினவர் அவர். எல்லாம் நன்றாகத்தான் செய்தார். வாயை மட்டும் பூட்டத் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில், "நாங்கள் நோர்வேக்கு வண்டியிலை போறம்" என்றுவிட்டார். பின்னேரத்துக்குள் விபோர்க், பிரெடெரிசியா என்று மற்ற ஊர்களுக்கும் செய்தி போய்விட்டது.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஓரிடத்துக்குப் போகிறான் என்றால், அவன் போவது தன்னுடைய பார்சலைக் கொண்டுபோகத்தான் என்று மற்ற எல்லோரும் மனமார நம்புவார்கள். தபால் என்று ஒன்று இருப்பதை அந்த நேரத்தில் எல்லோரும் மறந்துபோவார்கள்.

முதலில் வந்தவள் நீக்கிலாசின் தமக்கை மரியநாயகி. விபோர்க்கிலிருந்து கருவாடு கொண்டுவந்தாள். அவளுடைய மகள் வடமுனைக்குக் கிட்ட ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.

"மீன் வெட்டுற பிள்ளைக்குக் கருவாடோ மச்சாள்?" என்று அருமைநாயகி கேட்டாள்.

"அங்கத்தை மீன் ஒரு மீனே? இது மன்னார்க் கருவாடு. அஞ்சு பொலித்தீன் சுத்தியிருக்கு, மணக்காது. தம்பி, அந்தப் படுக்கைக்குக் கீழை வை. அங்கைதான் வெயில் படாது."

அன்று பின்னேரமே மணந்தது.

அடுத்தது பிரெடெரிசியா பூபாலசிங்கம். ஒஸ்லோவில் மகளுக்குக் கலியாணம். மணவறையில் மிதிப்பதற்கு ஓர் அம்மி தேவையாம். அவரும் மருமகனும் சேர்ந்து, பிரேதம் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நோர்வே முழுக்கக் கல்லுத்தானே அண்ணை," என்றாள் அருமைநாயகி.

"கொத்தித் தர ஆளில்லைப் பிள்ளை. கலியாணம் முடிய, நீங்கள் திரும்பி வரேக்கை ஏத்திக்கொண்டு வந்தாக் காணும். இது எங்கடை சங்கத்தின்ரை அம்மி. அடுத்த மாசம் இஞ்சை இன்னொரு கலியாணம் இருக்கு."

அதற்குப் பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகம் நாலு பெட்டி வந்தது. பன்னிரண்டு கிலோ மிளகாய்த்தூள், விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணங்கள், ஒரு இடியப்ப உரல், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சூட்கேஸ். எல்லாமாகப் பதினாலு. ஒவ்வொரு பார்சலோடும் ஒரு விலாசமும் ஒரு சாப்பாடும் ஒட்டிக்கொண்டு வந்தன.

"சும்மா குடுத்திட்டு வர ஏலுமே," என்றார் நீக்கிலாஸ். "ஒருநேரம் சாப்பிட்டுத்தான் போகவேணுமெண்டு நிக்கினம். ஒஸ்லோவிலை ரெண்டு நாள். கலியாண வீட்டிலை நீர் கொஞ்சம் பலகாரத்துக்கு உதவி செய்தா…"

போகிற வழியில் காரை நிறுத்தி எட்டிப் பார்த்த மகன் டானியல் டேனிஷில் சொன்னான். "அப்பா, பின் டயரைப் பாருங்கள். பிதுங்குகிறது. போகமுன் வண்டியை ஒருக்கால் தராசில் நிறுத்துப் பாருங்கள்."

ஞாயிறு மத்தியானம் ஹிர்த்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து வண்டியோடு நோர்வேக்குக் கப்பல். சனிக்கிழமை காலை, தானியக் களஞ்சியத்தில் லொறிகளை நிறுக்கிற பெரிய தராசுக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். அங்கே தராசைப் பார்ப்பவர் யென்ஸ், நீக்கிலாசோடு முந்தி வேலை செய்தவர். இந்த வண்டி மூவாயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தராசு மூவாயிரத்து நானூற்று அறுபது காட்டியது.

யென்ஸ் வண்டியைச் சுற்றி நடந்தார். படுக்கைப் பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்தார். "உள்ளே யாராவது செத்துப்போனார்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு, "இப்படிப் போனால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, நீக்கிலாஸ்," என்றார்.

நீக்கிலாஸ் பாரம் குறைக்கத் தொடங்கினார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். மெத்தையை இறக்கினார். ஒரு காஸ் சிலிண்டரை இறக்கினார். அருமைநாயகி தன் கையால் வாங்கிவைத்த மடக்கு நாற்காலியை இறக்கினார். அம்மியைத் தொடவில்லை. கருவாட்டைத் தொடவில்லை. தராசு மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறுக்கு வந்து நின்றுகொண்டது. அவர் பார்சல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் இருந்தது. கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"இஞ்சேரும், ஒரு யோசினை. நீர் ஒஸ்லோ மட்டும் பிளேனிலை வந்தால் என்ன? உமக்கும் அலுப்பில்லை. ஒரு எழுவத்தஞ்சு கிலோ மிஞ்சும்."

"எழுவத்தொண்டு," என்றாள் அருமைநாயகி.

"சரி, எழுவத்தொண்டு. மிச்சத்துக்கு அந்த ரெண்டாவது சிலிண்டரையும்…"

அவர் சொல்லி முடிக்கவில்லை. அவள் காம்பருக்குள் ஏறிவிட்டாள். முதியோர் இல்லத்தில் படிப்பித்த முறைப்படி முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, இரண்டு பேர் தூக்கிய அம்மியைத் தனியே தூக்கிக்கொண்டு இறங்கினாள். புல்லில் வைத்தாள். பிறகு புத்தகம், மிளகாய்த்தூள், உரல், சூட்கேஸ். பதினாலும் புல்லில் வரிசையாக இருந்தன. மெத்தையும் நாற்காலியும் சிலிண்டரும் திரும்ப உள்ளே போயின. யென்ஸ் களஞ்சியக் குழாயிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, தராசைப் பார்த்துவிட்டு, "இப்போது சரி. நீயும் ஏறலாம்," என்றார் நீக்கிலாசிடம்.

"ஏறலாம்," என்றாள் அருமைநாயகி தமிழில். "அதுக்கு முதல் இதுகளைக் குடுத்த ஆக்களிட்டைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வாங்கோ. கப்பல் நாளைக்கு ரெண்டு மணிக்கு. டானியலைக் கூப்பிடுங்கோ, கார் கொண்டுவருவான்."

"அவையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"இல்லையெண்டு சொல்லுங்கோ."

அவர் ஆட்டுக்குட்டிபோல விழித்துக்கொண்டு நிற்க, அவள் சாரதி இருக்கையில் ஏறினாள். பஸ் இல்லாத ஊரில் பனியிலும் மழையிலும் வேலைக்குக் கார் ஓட்டிப் பழகியவளுக்கு இந்த வண்டி ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மூலையில் திரும்பும்போதுதான் கொஞ்சம் ஆடியது. ஹிர்த்ஸ்ஹால்ஸ் துறைமுகத்துக்குக் கிட்ட கடற்கரையோரம் நிறுத்தினாள். ஒரு முட்டையைப் பொரித்துப் பாணோடு சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கே மெத்தையில் விழுந்தாள். கருவாடு போய்விட்டது, மணம் போகவில்லை. அதையும் மீறி நித்திரை வந்தது.

காலையில் தொலைபேசி அடித்தது.

"எட்டுப் பேரிட்டைக் குடுத்திட்டன்," என்றார் நீக்கிலாஸ். குரல் ஓய்ந்துபோயிருந்தது. "பூபாலசிங்கத்தார் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. கதவை மட்டும் திறந்தார்."

"அம்மியை வாங்கினவரோ?"

"வாங்கினார்."

"அப்ப அந்த அடுத்த மாசக் கலியாணமாவது நடக்கும். மற்றதுகளைக் குடுங்கோ."

"அக்கா வீடும் கிடக்கு," என்றார் அவர்.

ஒரு மணி தாண்ட, கப்பலுக்குப் போகிற வரிசையில் நின்றவளுக்குப் பக்கத்தில் டானியலின் கார் வந்து நின்றது. நீக்கிலாஸ் இறங்கினார். கமக்கட்டுக்குள் ஒரு பார்சல் இருந்தது. அதைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது.

"பதின்மூண்டு முடிஞ்சுது," என்றார் அவசரமாக. "இது ஒண்டுதான். அக்கா அழுதுபோட்டா. மூண்டு கிலோகூட இல்லை. தராசு இதுக்கு ஒண்டும் சொல்லாது."

"தராசு சொல்லாது. நான் சொல்லுறன். அதோடை ஒரு விலாசமும் ரெண்டு நாள் சமையலும் வருது. ஏறுறதெண்டா வெறுங்கையோடை ஏறுங்கோ."

அவர் திரும்பிப் பார்சலை மகனிடம் நீட்டினார். டானியல் "நை, ஃபா," என்று டேனிஷில் சுருக்கமாக மறுத்துவிட்டு, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு காரைத் திருப்பினான். பெற்ற பிள்ளைக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அருமைநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பைத்தொட்டி பத்தடியில் இருந்தது. நீக்கிலாஸ் அதைப் பார்த்தார், பார்சலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை.

முன்னால் நின்ற வாகனங்கள் நகர்ந்தன. பக்கக் கண்ணாடியில் அவள் பார்க்கிறாள், மனிதர் பின்னுக்கு நடக்கிறார். பின்னால் நின்றது ஒரு ஜெர்மன் கிழவனின் கரவன், கார் இழுக்கிற வீட்டுவண்டி. அந்தக் கிழவன் கண்ணாடியைப் பாதி இறக்கினான். நீக்கிலாஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, விலாசத் துண்டைக் காட்டி, வடக்குப் பக்கமாகக் கையை நீட்டி என்னவோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். சின்ன உதவிதான் என்று சொல்லியிருப்பார்.

அருமைநாயகி கியரைப் போட்டாள்.

கப்பல் வாசலில் சீட்டுப் பார்க்கிற பெண்பிள்ளை கணினியைப் பார்த்தாள். "இரண்டு பேர் என்று இருக்கிறதே?"

"ஒருவர்தான்," என்றாள் அருமைநாயகி. "மற்றவருக்கு இன்னும் வேலை முடியவில்லை."