பாதி தைத்த பாவாடையின் தணிக்கை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கியது. போர்ட்பிளேரில் ஆடிட்டர்கள் மாநாடு ஒன்று நடக்கப்போகிறது. ‘உலக அரங்கில் கணக்குத் தொழிலின் வளர்ச்சியும் இன்றைய தேவையும்’ என்பது தலைப்பு. மாநாட்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று மலராசிரியர் ஆவுடையப்பன் வந்து நின்றார். “பாசிட்டிவா முடிக்கணும் சார். வெளிநாட்டுக்காரங்களும் வர்றாங்க” என்றார். சரி என்றேன். இப்போது அவர் வருந்துகிறார்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, எண்கள் மட்டுமே…’

வேண்டாம். கடல் எதைக் கொண்டுபோனது என்று தெரிந்தவர்களும் இதைப் படிப்பார்கள்.

இரண்டாவது: ‘ஆக்சிலியா ஒரு நேர்மையான…’

இதுவும் வேண்டாம். நேர்மை என்றதுமே வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

மூன்றாவது: இரண்டாயிரத்து ஏழில், போர்ட்பிளேர் ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஆடிட்டர் ஆக்சிலியா, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே நிகோபாரில் இருக்கும் கட்சால் தீவுக்குக் கப்பலில் போனாள்.

இது நிற்கும். (தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்காதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை.)

3

போன காரியம் இதுதான். சுனாமிக்குப் பிறகு, வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஓர் அறக்கட்டளை, கட்சால் ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கு வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்திருந்தது. அவை இருக்கின்றன என்று ஆடிட்டர் சான்று தந்தால்தான் அதே அறக்கட்டளை சம்பளம் கொடுக்கும் நர்ஸ் அடுத்த வருடமும் அங்கே இருப்பார். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: இருக்கிறது, இல்லை. உலகம் முழுக்க அதே படிவம்தான்.

“அரே மேடம், நேர்ல எதுக்கு? போட்டோ அனுப்புறேன். டிக் போட்டா காம் கதம், வேலை முடிஞ்சுது” என்றார் அறக்கட்டளைச் செயலாளர் சந்திரமோகன்.

“பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல” என்று சொல்லிவிட்டு ஆக்சிலியா கப்பல் ஏறினாள்.

தோட்டத்து லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், முதல் வீட்டில் மெஷின் இருந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த நீலப் பாவாடை. இரண்டாம் வீட்டிலும் மெஷின், நீலப் பாவாடை. மூன்றாம் வீட்டுக்குப் போகுமுன் டீ குடித்தே ஆகவேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தார்கள். குடித்துவிட்டுப் போனால் அங்கேயும் அதே பாவாடை, தையல் அதே இடத்தில் நின்றிருந்தது. மெஷினைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் துணியை உருவ நேரம் கிடைக்கவில்லை.

ஆக்சிலியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாவாடைக்கு ஓரம் அடித்து முடித்தாள்.

“யாருக்கு இது?”

“எம் மகளுக்குங்க” என்று முன்னே வந்தாள் பெண்கள் குழுத் தலைவி மருதாயி.

“மத்த மெஷின்லாம் எங்கக்கா?”

மருதாயி கண்ணீர் மல்க… (இல்லை. அழவைக்கப் பார்த்தேன். அவள் உடன்படவில்லை.)

“வித்துட்டோம்” என்றாள். “லைனுக்கு ஒண்ணு போதும். வீட்டுக்கு வீடு வச்சு யாருக்குங்க தைக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு கடல்ல எறங்கிக் கெடக்கு. போன மழையில புள்ளத்தாச்சி ஒருத்தியத் தோள்ல தூக்கிட்டுப் போயி, வழியிலயே புள்ள செத்துப்போச்சு. அதான் எல்லாரும் பேசி, மெஷின வித்து டோங்கிப் படகுக்கு இஞ்சின் வாங்கினோம். இப்ப யாரு பீமாராகிப் படுத்தாலும் அதுலதான் ஆஸ்பத்திரி.”

“அப்புறம் ஏன்க்கா இந்த ஓட்டம்?”

“இல்லன்னு எழுதினா நர்ஸம்மா வராதுன்னாங்க. தப்புங்களா?”

ஆக்சிலியாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மருதாயி மேல் அல்ல. இந்தப் பெண்களை மெஷின் தூக்கிக்கொண்டு ஓடவைத்த அந்த இரண்டு கட்டங்கள் மேல்.

4

கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கணக்குத் தொழில் என்றால் கூட்டல் கழித்தல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குக் கால்குலேட்டர் போதும். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம்புவதற்காக, இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்து, தன் பெயரைப் போட்டுச் சொல்வதுதான் அந்தத் தொழில். உலகம் பெரிதாகப் பெரிதாக அந்த ஆள் இல்லாமல் முடியாது. படிவம் உலகத்துக்கே ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். பார்த்ததையும் அதற்குத் தகுந்தபடி வெட்டு என்றால்தான் எனக்கு எரிகிறது. (ஆவுடையப்பன் இந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.)

ஆக்சிலியா இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டாள். கீழே எழுதினாள்: ‘ஒன்றைத் தவிர மற்ற மெஷின்கள் இல்லை. பெண்கள் கூடிப் பேசி விற்று, படகு இஞ்சின் வாங்கியிருக்கிறார்கள். இஞ்சின் ஓடுகிறது. அதில் ஆஸ்பத்திரிவரை போய் வந்தேன். என்ன தேவை என்று முதலிலேயே அவர்களைக் கேட்டிருக்கலாம்.’

படிவத்துக்கு வெளியே உள்ளதை நீக்கவும் என்று அறக்கட்டளையின் தலைமையகம் திருப்பி அனுப்பியது. சந்திரமோகன் மாடியேறி வந்தார்.

“ஒரே ஒரு டிக் மேடம். உங்களுக்கு அடுத்த வருஷ ஆடிட், அவங்களுக்கு நர்ஸ். யாருக்கு என்ன நஷ்டம்?”

அவர் போனதும் ஆக்சிலியா போனை எடுத்தாள். நர்ஸ் போய்விட்டால்? கட்சாலுக்குப் போன் கிடைக்கவே பாதி நாள் ஆனது.

“எழுதினது எழுதினபடி இருக்கட்டும் மேடம்” என்றாள் மருதாயி, விஷயத்தைக் கேட்டுவிட்டு. “நர்ஸம்மாவ நிறுத்துனா நாங்க சண்ட போட்டுக்கிறோம். இன்னொரு தடவ அந்த மெஷினத் தூக்கிட்டு ஓட எங்களால ஆகாது.”

ஆக்சிலியா அதே தாளை ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப அனுப்பினாள்.

5

ஆவுடையப்பன் கேட்ட முடிவு: தலைமையகம் மனம் திருந்துகிறது, ஆக்சிலியாவுக்கு மாநாட்டு மேடையில் சால்வை போர்த்தி… எழுதக் கை வரவில்லை.

இன்னொரு முடிவு: நர்ஸ் போய்விடுகிறார், மருதாயி ஆடிட்டரைச் சபித்துக்கொண்டே… இதையும் அடித்துவிட்டேன். தீவுக்காரர்களைத் தோற்கடித்து இலக்கியம் பண்ணுவது சுலபம்.

நடந்தது இவ்வளவுதான்: அறக்கட்டளை ஆக்சிலியாவை விட்டுவிட்டு, அதே இரண்டு கட்டங்களோடு புதுப் படிவம் ஒன்றை வேறோர் ஆடிட்டருக்கு அனுப்பியது.

அந்த ஆடிட்டர் நீங்கள்தான். கட்சாலை நீங்கள் பார்த்ததில்லை. மெஷின் கொடுத்த அன்று எடுத்த போட்டோவைச் சந்திரமோகன் கூடவே அனுப்பியிருக்கிறார். எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. கப்பல் புதன்கிழமை. போகலாம், இல்லை உட்கார்ந்த இடத்திலேயே டிக் போடலாம்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நீங்கள் டிக் போட்டால், உங்கள் பெயரை மட்டும் மாற்ற மாட்டேன்.