ஊறப்போட்ட படகு

மைமூன் பீவிக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். மற்ற நேரங்களில் புகுந்த வீட்டு உருதுவைத் தட்டுத்தடுமாறிப் பேசி, ஓரகத்தி ஷஹீன் பானுவின் கேலியை வாங்கிக் கட்டிக்கொள்வாள். அன்று காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில், திரை போட்ட ஜட்கா வண்டிக்குள் இருந்தபடி அவள் பேசியது சுத்தமான தமிழ்.

"ஏங்க, விரிசல் விரிசல்னா எங்க இருக்குது? பலகைக்கும் பலகைக்கும் நடுவுலயா, இல்ல பலகையே பிளந்திருக்குதா? பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவள் கணவர் முக்தார் அகமது, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பின் இளைய முதலாளி, வெயிலில் வேர்த்து விறுவிறுத்துக் கொட்டகைப் பக்கம் ஓடினார். இது நாலாவது ஓட்டம்.

கொட்டகைக்குள் இருந்தது ஒரு மோட்டார் படகு. ஏரிகளைப் பார்வையிட வந்த எஞ்சினியர் துரை ஒருவர், குடும்பத்தோடு தண்ணீரில் பொழுதுபோக்க வாங்கி வைத்திருந்தது. சின்னதாக ஒரு அறை, அதில் நாலு பேர் படுக்க பெஞ்சு, ஜன்னலுக்குத் திரை, டீ போட ஒரு அடுப்பு என்று சகல வசதியும் உண்டு. இரண்டு வருஷம் மழை பொய்த்து ஏரி வற்றியதும் அதைக் கொட்டகையில் ஏற்றி விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தபோது துரை உத்தியோகம் முடிந்து கப்பலேறிப் போய்விட்டார். மிச்சம் மீதியை விற்கும் பொறுப்பு பட்லர் கோவிந்தசாமிக்கு. கட்டில், பியானோ, வான்கோழி எல்லாம் விலை போயின. படகை மட்டும் யாரும் தொடவில்லை. உள்ளே நின்று பார்த்தால் பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட படகை யார் வாங்குவார்கள்?

முக்தார் வாங்க வந்ததற்குக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில் மைமூன் வாய் தவறி ஒரு நாள், "தண்ணி மேல உக்காந்து சோறு தின்னு எத்தினி நாளாச்சு" என்று சொல்லிவிட்டாள். அவள் பழவேற்காட்டில் மீன்பிடிப் படகுச் சொந்தக்காரர் மகள். சொன்னதை அவளே மறந்துவிட்டாள். அந்த மனிதர் பதினோரு வருஷமாக மறக்கவில்லை.

"பலகைக்கு நடுவுலதான் மைமூன். பலகை பிளக்கல."

"பேனாக்கத்தி வெச்சிருக்கீங்க இல்ல? அடிப்பலகையில குத்திப் பாருங்க. உள்ள எறங்குதா, நிக்குதான்னு பாருங்க."

மறுபடி ஓட்டம். கூட வந்திருந்த மெக்கானிக் தேவசகாயம், எஞ்சின் மேல் சாய்ந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டார். எஞ்சின் அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. மற்றது அவர் கவலை இல்லை.

"முனை கூட எறங்கல. கத்திதான் வளைஞ்சிடுச்சு."

மைமூன் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "வாங்குங்க."

"நெசமாவா?"

"மரம் சாகல. காஞ்சு போயிருக்குது, அவ்ளோதான். வாங்குங்க."

முக்தார் வாங்கிவிட்டார். கோவிந்தசாமி சலாம் மேல் சலாம் வைத்து, எங்கே மனசு மாறிவிடப் போகிறதோ என்று அவசரமாகச் சாவியைக் கொடுத்தான்.

வீட்டில் சும்மா விடுவார்களா? முக்தாரின் அண்ணன் நயீம் அகமது தாடியை உருவிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். பெரியமேட்டுத் தோல் மண்டியைப் பார்த்துக்கொள்ள இந்த வருஷம் தம்பியை மதராஸுக்கு அனுப்புவதாக இருந்தார். வாங்குவதும் விற்பதும் தன் சொந்தப் பொறுப்பில் செய்ய வேண்டும் என்பது முக்தாரின் நெடுநாள் ஆசை.

"ஓட்டைப் படகுடா! குருடன் கூட கையால தடவிப் பாத்து வேணாம்னு போயிடுவான். இதைப் பாத்து வாங்கத் தெரியாதவன் பெரியமேட்டுல போயி தோல் பாக்கப் போறியா? யார் பேச்சைக் கேட்டு வாங்கின?"

வாசல் திரைக்குப் பின்னால் மைமூன் நின்றிருந்தாள்.

"என் யோசனைதான் பாய்ஜான்" என்றார் முக்தார்.

தன்னை மீன்காரி என்று சொன்னால் மைமூன் தாங்கிக்கொள்வாள்; பதினோரு வருஷப் பழக்கம். ஆனால் தன் பேச்சை நம்பிய ஒரே ஒரு மனிதர், அப்படி நம்பியதற்காகவே நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்றால் அதை அவளால் தாங்க முடியாது. பெரியமேடும் போய், ஊரில் முகம் காட்ட முடியாமலும் போய்... அந்தப் படகு மிதந்தே ஆகவேண்டும்.

நயீம் அகமது கோபக்காரரே தவிர கல்நெஞ்சுக்காரர் இல்லை. மறுநாள் காலையில் ஷாப்பிலிருந்து ஒரு கட்டுத் தோல் வாரும் ரெண்டு ஆட்களும் வந்து நின்றார்கள்.

"எடுத்துட்டுப் போ. ஒவ்வொரு சந்துலயும் தோலை வெச்சு சுத்தியால அடிங்க. நம்மகிட்ட இல்லாத தோலா? சொட்டுத் தண்ணி எறங்காது."

தோல்காரர் வீட்டில் வேறு என்ன யோசனை தோன்றும்? முக்தாருக்குக்கூட அது நல்ல யோசனையாகவே பட்டது. ஆட்கள் கட்டைத் தூக்கித் தோளில் வைத்த நேரம், திரைக்குப் பின்னாலிருந்து தமிழ் வெடித்தது.

"வேணாம்! ஒரு துண்டு கூட உள்ள வெக்கக் கூடாது!"

நயீம் அகமது திகைத்து நின்றார். தம்பி மனைவி அவர் காதுபடப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தண்ணி பட்டா பலகை ஊதும் பாய்சாப். ஊதி, ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். நடுவுல தோலை அடைச்சு வெச்சா பலகை எங்க போவும்? ஆணியைப் புடுங்கிக்கிட்டு வெடிச்சிடும். எங்க வாப்பா படகுக்கு இப்படித்தான் ஒருத்தன் வைத்தியம் பண்ணான். அந்தப் படகை அப்புறம் அடுப்புக்குத்தான் வெட்டுனோம்."

"அப்ப இன்னாதான் பண்ணணும்ன்றே?"

"முழுக்கணும்."

"இன்னாது?"

"எஞ்சினை எறக்கிட்டு, உள்ள கல்லை அடுக்கி, ஏரியில முழுக்கிடணும். காஞ்ச தோல் வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க? மொதல்ல ஊறப்போட மாட்டீங்க? வெறைப்பா இருக்குதுன்னு தூக்கியா போடுவீங்க?"

தினம் ஆயிரம் தோலை ஊறப்போடும் மனிதர் அவர். பதில் தெரியாதபோது பெரியவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். கோபத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்.

"சரி, முழுக்கு! நல்லா முழுக்கு! அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நான் வருவேன். அன்னிக்கு அது மெதக்கல, பெரியமேடுன்ற பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

வாலாஜாபேட்டைச் சந்தைக்கு அந்த வாரம் இதைவிட நல்ல தமாஷ் கிடைக்கவில்லை. பணம் கொடுத்துப் படகு வாங்கி, கல் அடுக்கி, கையைத் தட்டிவிட்டு மூழ்கடித்தவர் உலகத்திலேயே முக்தார் பாய் ஒருவர்தான் என்று சிரித்தார்கள். அவரைக் கண்டால், "இன்னா பாய், அடுத்து மோட்டார் கார் வாங்கிக் கெணத்துல போடுவியா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே போனார். சிரித்தது உதடு மட்டும்தான் என்பது மைமூனுக்குத் தெரியும்.

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. வாப்பாவின் படகுகள் நம்ம ஊர் மரம், உப்புத் தண்ணீர். இது என்ன சீமை மரமோ, ஏரித் தண்ணீருக்கு மசியுமோ மசியாதோ. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் அரிசியைப் பொறுக்கிப் போட்டுக் கல்லை வைத்துக்கொண்டாள். ஷஹீன் பானு பார்த்துவிட்டு, "மீன்காரிக்கு மனசு ஏரியில கெடக்குது" என்றாள். அது உண்மைதான். மைமூன் பொறுக்கிப் போட்ட அரிசியைத் திரும்ப அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நயீம் அகமது குடும்பத்தையே அழைத்துக்கொண்டு வந்தார். தீர்ப்புச் சொல்லும்போது எல்லோரும் இருக்க வேண்டும் அல்லவா? தோல் வார்க் கட்டும் கூடவே வந்தது. பெண்களின் ஜட்காக்கள் திரையோடு கரையில் நின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் கரை நெடுக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள்.

ஆட்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கற்களை எடுத்து வீசினார்கள். படகு மெல்ல அசைந்து, சேறும் பாசியுமாக விளிம்பைக் காட்டியது. வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தார்கள். இறைக்க இறைக்கப் படகு ஏறியது. முக்தாரின் முகத்தில் களை வந்தது. பிறகு ஏறுவது நின்றது. எவ்வளவு இறைத்தாலும் அவ்வளவும் திரும்ப உள்ளே வந்தது. அரை மணி நேரம் பார்த்தார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான். கரையே சிரித்தது.

"போதும் முக்தார்" என்றார் நயீம் அகமது. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் மோசம். "வா, வீட்டுக்குப் போலாம்."

"தப்பு என்னுது பாய்ஜான்" என்று முக்தார் சொல்வது வண்டிக்குள் கேட்டது. "வேற யார் மேலயும் இல்ல."

மைமூன் திரையை விலக்கினாள்.

"எங்கடி எறங்கற?" என்று ஷஹீன் பானு புர்காவைப் பிடித்து இழுத்தாள். இழுபட்ட துணியோடு மைமூன் இறங்கிக் கரைச் சரிவில் நடந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் வழி விட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தாள். பக்கப் பலகைகளைத் தடவினாள். ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய், நகம் நுழைய இடமில்லை. எங்கும் ஒரு கசிவு இல்லை. ஆனால் பின்பக்கம் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கிக்கொண்டிருந்தது.

"அடைப்பான் எங்க?" என்று கேட்டாள்.

"எந்த அடைப்பான்?" என்றார் முக்தார்.

"அடியில ஓட்டை இருக்குதே, அதுக்கு."

"படகுக்கு அடியில எவனாவது ஓட்டை வெப்பானா மைமூன்?"

"மழைத் தண்ணி வடியறதுக்கு வெப்பாங்க! கரையில ஏத்துனதும் தொறந்து வுடுவாங்க, எறக்கறப்ப மூடுவாங்க!" கத்தியவள் அப்படியே நின்றாள். அதைப் பார்க்கச் சொல்ல அவளும்தான் மறந்திருந்தாள். துரையின் அடைப்பான் எந்த மூலையில் கிடக்கிறதோ, கோவிந்தசாமியும் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று.

அவள் கரைப் பக்கம் திரும்பினாள். "பாய்சாப், இப்ப குடுங்க உங்க தோலை!"

நயீம் அகமது ஒரு கணம் தயங்கினார். பிறகு கட்டைத் தாமே அவிழ்த்து, நல்ல வாராகப் பார்த்து ஒன்றை எடுத்து, செருப்புக் காலோடு தண்ணீரில் இறங்கி வந்து தம்பி கையில் கொடுத்தார். மைமூன் சொல்லச் சொல்ல, முக்தார் அதை ஒரு குச்சியில் இறுகச் சுற்றி ஓட்டையில் செருகினார். தேவசகாயம் சுத்தியால் நாலு தட்டுத் தட்டினார். தோலும் ஊறினால் ஊதும்; அது அந்தக் குடும்பத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுபடி இறைத்தார்கள். படகு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கடைசி வாளியை ஊற்றிவிட்டு ஆள் நிமிர்ந்தபோது, வெள்ளையும் பச்சையுமான பூச்சோடு அது தண்ணீர் மேல் அலுங்காமல் நின்றது. விசிலடித்தவனே முதலில் கைதட்டினான். அப்புறம் கரை முழுக்கக் கைதட்டியது. மைமூன் நனைந்த புர்காவோடு நின்று, வெட்கமில்லாமல் அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எஞ்சினை ஏற்றி, ஓட்டும் வித்தையை முக்தாருக்குச் சொல்லிக்கொடுக்க தேவசகாயத்துக்கு ரெண்டு நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்களை ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. எஞ்சினுக்கு முக்தார், படகைத் திருப்பும் சக்கரத்துக்கு மைமூன். நயீம் அகமது மட்டும் ஏறவில்லை. மிதந்தால் மிதக்கட்டும், தான் அதில் கால் வைப்பதில்லை என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

நடு ஏரிக்குப் போனதும் கரை ஒரு கோடாகிவிட்டது. பார்க்க வெளியாள் கண் ஒன்றும் இல்லை. ஷஹீன் பானு முகத்திரையைத் தூக்கினாள். வெட்டவெளியில் அவள் முகத்தில் காற்றுப் பட்டு எத்தனை வருஷம் இருக்குமோ, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து முதல் தட்டை மைமூனுக்கு வைத்தாள்.

"சாப்ட்டுட்டு இன்னொரு சுத்து போலாமா, மைமூன்?" என்றாள். மீன்காரி என்ற பேர் எங்கோ தண்ணீரில் விழுந்துவிட்டிருந்தது.

படகு கரைக்குத் திரும்பியபோது நயீம் அகமது தண்ணீர் ஓரத்திலேயே நின்றார். நெடுநேரமாக நின்றிருப்பார் போல. படகின் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பெரியமேட்டுக்குத் துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா முக்தார்?"

"வெக்கறேன் பாய்ஜான்."

"ம்." இன்னொரு தரம் தட்டினார். "உள்ள... எடம் கிடம் இருக்குதா?"

முக்தார் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னைக் கேக்காதீங்க பாய்ஜான். இதைப் பாத்து வாங்கினது மைமூன். அவளைக் கேளுங்க."

அந்த வீட்டின் பெரியவர் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவியிடம் அனுமதி கேட்கத் தலை நிமிர்ந்தார்.

"மைமூன், நான் வரலாமாம்மா?"

மைமூன் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாங்க பாய்சாப்" என்றாள் தமிழில். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."