கை எட்டாத மூலை

அக்கா பஸ் டிரைவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து வீட்டில் யாரைக் கண்டாலும் சிடுசிடுப்பு. மூன்று மாதத்துக்குள் கை தேறாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். அதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

நான் வேலை பார்க்கும் சின்ன சாப்ட்வேர் ஆபீசில் கைப்பயிற்சிக்கென்று ஒரு ஆட்டம் செய்திருந்தோம். ஆறுக்கு ஆறு கட்டம், அதில் சில கட்டங்கள் அடைப்பு, ஆளுக்கு மூன்று மரக்காய். காய் நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் போகலாம். நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டவர் தோற்றார். எதிராளி கம்ப்யூட்டர். அதன் காய்களை நான் நகர்த்துவேன். அக்கா தன் காயை வலது கையால்தான் எடுத்து வைக்க வேண்டும்.

அக்காவை அங்கே கூட்டிப்போய் ஆடவிட்டேன். பதினோரு ஆட்டம். பதினொன்றிலும் அக்கா மண்ணைக் கவ்வினாள். ஒரு காயை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள், இடது கையால்.

"என்னை ஜெயிச்சு இந்தச் சனியனுக்கு என்னடி கிடைக்குது?"

"ஒரு மார்க்."

"யாரு குடுக்கறா?"

விழுந்த காயைப் பொறுக்கப் போனேன். கொடுப்பது நான்தான். அது ஜெயித்தால் அதற்கு ஒன்று கூடும், அக்காவுக்கு ஒன்று குறையும், கூட்டினால் பூஜ்ஜியம். எங்கள் தொழிலில் பாலபாடமே இதுதான் என்பதால் யோசிக்காமல் எழுதித் தொலைத்திருந்தேன். அதுவும் சமர்த்தாக ஒன்பதே நகர்த்தலில் ஆட்டத்தை முடித்தது. அக்காவின் கையும் ஒன்பதே தடவைதான் எழுந்தது. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

கணக்கை மாற்றினேன். ஜெயித்தால் இனி மார்க் கிடையாது. அக்கா காயைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு மார்க். கம்ப்யூட்டரை ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தன்னோடு தானே ஆடிப் பழகவிட்டு, மறுநாள் காலை அக்காவைக் கூட்டிவந்தேன்.

இருபது நகர்த்தல் ஆயிற்று, நாற்பது ஆயிற்று, ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. அக்கா மடக்கப் போனால் நழுவியது. அவளே மாட்டிக்கொண்டால் வழிவிட்டது.

"இது ஜெயிக்கவும் மாட்டேங்குது, தோக்கவும் மாட்டேங்குது. உங்க மாமா சண்டை போடற மாதிரியே இருக்கு."

"நீ ஆடிக்கிட்டே இருக்கணும்க்கா. அதுக்கு அது போதும்."

"எனக்குப் போதாது. அது தோக்கணும்."

அறுபதைத் தாண்டியபோது அதன் காய்கள் மூன்றும் நெருக்கடியில் இருந்தன. தப்பிக்க ஒரே வழி, பலகையின் தூர மூலை. அங்கே அக்காவின் கை எட்டாது என்று நானேதான் அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பி அது மூலையைக் காக்காமல் விட்டிருந்தது.

அக்கா காயைத் தூக்கினாள். கை வெடவெடவென்று நடுங்கியது. பிடிக்கப் போனேன்.

"தொட்டே, கொன்னுடுவேன்."

காய் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் மூலைக் கட்டத்துக்குள் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டருக்கு நகர இடமில்லை. திரையில் அதன் மார்க் அறுபத்து நான்கு, அக்காவுக்கு வெற்றி. யாருக்கும் எதுவும் குறையவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்புறமா அழுதுக்கோ. அடுத்த ஆட்டத்தைப் போடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தப் போனேன். அதுவரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. என் கையைத் தட்டிவிட்டுத் தானே அழுத்தினாள், வலது கையால். அது எந்தக் கை என்று அவள் கவனிக்கவே இல்லை.