கனைப்போடு சேர்த்துப் பாடியது

“என் தப்பைப் பாடினீங்க, சரி. என் கனைப்பை எதுக்குங்க பாடினீங்க?”

“சத்தம் போடாதீங்கோ. எல்லாரும் பாக்கறா.”

“பாக்கட்டும். ரெண்டு பேரும் பேசி வச்சு ஏமாத்துனோம்னு உள்ள முடிவே பண்ணிட்டாங்க.”

தஞ்சாவூர் இசைப் பள்ளியின் வராந்தாவில் பாதித் தெரு கூடியிருந்தது. ஒரு பக்கம் அதிராம்பட்டினத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை தியாகு. மறுபக்கம் பண்ணை சாமா அய்யரின் மகள் விஜயம். பண்ணை என்பது பேருக்குத்தான். ஆட்சி மாறி நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் பாதி நிலம் போயிற்று. மீதியில் குத்தகைத் தகராறு.

நடந்தது இதுதான். பரீட்சையில், முன்பின் பார்த்திராத ஸ்வர வரிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்த மாத்திரத்தில் பாடச் சொல்வார்கள். எல்லோருக்கும் அதே வரிகள்தான் என்பதால் மற்றவர்கள் பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு மின்சாரம் இல்லை; புழுக்கம் தாங்காமல் பரீட்சகர் கதவைத் திறந்து வைத்தார். தியாகு மூன்றாம் வரியில் ‘ம த ப’ என்றிருந்ததை ‘ம ப த’ என்று பாடி, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு மேலே போனான். அடுத்து வந்த விஜயம் அதே இடத்தில் அதே தப்பைப் பாடினாள். பாடிவிட்டுக் கனைக்கவும் செய்தாள். பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். இருவருக்கும் அடுத்த வாரம் மறுபரீட்சை.

கூட்டம் கலைந்தபின், விஜயம் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு ஸ்வரம் பாத்துப் பாட வராது.”

“விளையாடாதீங்க. வகுப்புலயே நீங்கதான் முதல்.”

“ஒரு தடவை கேட்டா அப்படியே வந்துடும். பலகையைப் பாக்கவேண்டிய அவசியமே வரலை. யாரும் கேக்கவும் இல்லை.”

“எனக்குக் கண்ணு மட்டும்தாங்க. ஆர்மோனியத்துல ஒரு கட்டையை அமுக்கி என்ன ஸ்வரம்னு கேட்டா, குத்துமதிப்பாத்தான் சொல்லுவேன்” என்றான் தியாகு.

விஜயத்துக்கு இந்தப் பரீட்சை சும்மா இல்லை. “தேறினா இங்கேயே வாத்தியார் வேலை பாரு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு, பம்பாய்க்குப் போயிடலாம்” என்று சாமா அய்யர் சொல்லியிருந்தார். பம்பாயில் அவள் அண்ணன் கல்யாணராமன் இருந்தான். அவன் பார்த்து வைத்த ஒரு வரனும் இருந்தது. தேறினால் சம்பளம் தன் கையில், ஊர் தன் காலடியில். இல்லையென்றால் இரண்டும் இல்லை.

ஆக, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடப் படியில், பட்டப்பகலில், ஒருவருக்கொருவர் பாடம். எதிர் டீக்கடையில் அந்த வாரம் வியாபாரம் அமோகம். பியூன் நாகநாதன் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினார்.

தியாகு வரியை விசிறியால் மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டுவான். “ஒரு தடவை நீங்க பாடிக் காட்டுங்கோளேன்” என்று அவள் கெஞ்சுவாள். எங்கே வாய் தவறிப் பாடிவிடுவோமோ என்று அவன் ஒரு கல்கண்டுக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கன்னம் உப்பிக்கொண்டு, தலையை ஆட்டக்கூடப் பயந்துகொண்டு. அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்தால் அந்த எழுத்து அங்கேயே இருக்கும். வேறு வழியில்லாமல் பாடுவாள்.

அவன் முறை வந்தால் அவள் விடமாட்டாள். பஸ் ஹாரன், அரிசி மில் சங்கு, தயிர்க்காரி கூவல், எல்லாவற்றுக்கும் ஸ்வரம் சொல்ல வேண்டும். ஒருநாள் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் குத்தகைக்காரர் ஊர்வலம் அந்த வழியாக வந்தது. முன்னால் போனவர் குரல் கொடுக்க, பின்னால் நூறு குரல்: “பண்ணை சாமா அய்யர் ஒழிக.”

தியாகு தலையைக் குனிந்துகொண்டான். டீக்கடையே குனிந்துகொண்டது.

“சொல்லுங்கோ. என்ன ஸ்வரம்?”

“உங்க அப்பாவைத் திட்டுறாங்கங்க.”

“அது தெரியறது. பண்ணைங்கறதை ஸட்ஜமா வச்சுக்கோங்கோ. ஒழிக எங்கே விழறது?”

“ரிஷபமா?”

“இன்னொரு தடவை கத்துவா. கேளுங்கோ.”

கத்தினார்கள். தியாகு கண்ணை மூடிக் கேட்டான். “காந்தாரம்.”

“அதேதான்” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் குரல் சரியாக இல்லை. அவன் அந்த நேரம் முழுவதும் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் இருந்தான்.

மறுபரீட்சையன்று கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். தியாகு முதலில் போய்ப் பலகை வரிகளைப் பாடி, பரீட்சகர் ஆர்மோனியத்தில் அமுக்கிக் கேட்ட ஸ்வரங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லிவிட்டு வந்தான். பிறகு விஜயம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. காது கையை விரித்துவிட்டது. முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. இரண்டாம் வரியில் நின்றாள். பரீட்சகர் பேனாவை மூடப் போனார். அவள் தொடையில் தாளத்தைப் போட்டு மறுபடி ஆரம்பித்தாள். நிஷாதத்தைத் தாண்டிப் போனவள், தானே திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

“இந்தத் தப்பு யாரோடதும்மா?” என்றார் பரீட்சகர்.

“என்னோடதுதான் சார்.”

தேறத் தேவையான மார்க்கு வந்தது. ஒட்டி ஒட்டித்தான்.

சாமா அய்யர் சொன்ன சொல் தவறவில்லை. மிச்ச நிலத்தைக் குத்தகைக்காரர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பம்பாய் போனார். அவர் தங்கை மதுரம் அத்தை ரயிலேற மறுத்து, விஜயத்துக்குத் துணையாக நின்றுவிட்டாள். விஜயத்துக்குக் கீழ்வேளூர்ப் பெண்கள் பள்ளியில் வேலை; தியாகுவுக்குப் பேராவூரணியில். தெரு அந்த மாதமே கல்யாணத்தை எதிர்பார்த்தது. அவர்கள் தெருவைக் காக்க வைத்தார்கள். தெரு சலித்துப்போய் வேறு வீட்டுக் கதைக்குப் போன சமயத்தில், பட்டுக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மதுரம் அத்தையும் தியாகுவின் தாயார் எல்லையம்மாளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். விஜயம் மாற்றல் வாங்கிக்கொண்டு பேராவூரணி போனாள். அந்தப் பம்பாய் வரன் பூனாவில் ஒரு டாக்டர் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேத்தி பிறந்ததும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பம்பாயிலிருந்து கிளம்பிய சாமா அய்யர், பேராவூரணியிலேயே தங்கிவிட்டார்.