உள்பக்கம் மடிந்த நுனி

"நுனியைக் காணோமே அக்கா," என்றான் கடைக்காரன் மிலூட்டின். வுகோசாவா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த உடைந்த ஸ்பிரிங்கை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெளிக்கொக்கி இருக்கு. உள்பக்கம் அச்சுல மாட்டுமே, அந்த நுனி எங்க?"

வுகோசாவாவுக்கு எரிச்சலாக வந்தது. சுருட்டி வைத்த தகரநாடா மாதிரி இருக்கிற இந்தச் சனியனுக்கு உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறா? நுனி ஒடிந்து துளை போடும் மெஷினுக்குள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கிறது என்றாள். மிலூட்டின் கல்லாவின் மேல் மூன்று புது ஸ்பிரிங்குகளை வரிசையாக வைத்தான். ஒன்றில் நுனி உள்பக்கம் மடிந்திருந்தது, ஒன்றில் வெளிப்பக்கம், மூன்றாவதில் மடிப்பே இல்லை, வெறும் ஓட்டைதான். அகலத்திலும் வித்தியாசம், உடைந்ததன் ஓரம் தேய்ந்துபோயிருந்ததால் அதை வைத்து அளக்கவும் முடியவில்லை. தப்பானதைக் கொண்டுபோனால் மாட்டவே மாட்டாது என்றான். ஏற்கெனவே ஒரு தடவை தப்பானதை வாங்கிப் போயாயிற்று. பேருந்து நிலையத்துப் பக்கத்துக் கடைக்காரன் கொடுத்ததை அவள் புருஷன் திஹோமிர் படுத்தபடியே விரலில் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது கடிகாரத்துக்குப் போடுறது கிழவி. மெஷினுக்கு மணி பாக்கத் தெரியாது," என்று கேலி செய்தான்.

கேலி செய்யத் தெம்பு இருந்தது, அவ்வளவுதான். பக்கவாதம் அவனுடைய இடது பக்கத்தை முழுசாக வாங்கிக்கொண்டுவிட்டது. இந்த வாரம் மூச்சும் இழுக்க ஆரம்பித்திருந்தது. வாழ்நாள் முழுக்க ரயில் வேகன் ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன், படுக்கையிலிருந்து பின்கட்டுக் கதவு வழியாகத் தன் துளை போடும் மெஷினையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கைப்பிடியைக் கீழே இழுத்தால் துளைக்கம்பி இறங்கும், விட்டால் தானே மேலே ஏறும். ஏற்றிவிடுவது அந்த ஸ்பிரிங்தான். அது போனதிலிருந்து ஏறாமல் தொங்கியது. வுகோசாவா கயிற்றால் தூக்கிக் கட்டினாள், ஒரு போர்வையைப் போட்டும் மூடினாள். அவன் போர்வையை எடுக்கச் சொன்னான். நாய் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் ஆகாது என்றான்.

மறுபடி கடைக்குப் போகமாட்டேன் என்றுதான் அவள் அடம்பிடித்தாள். காரணம் அவனுக்கும் தெரியும். தலையணைப் பக்கம் ஒரு மஞ்சள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் தயாராக வைத்திருந்தாள். உயிர் பிரியும்போது கையில் எரிகிற மெழுகுவர்த்தி இல்லாவிட்டால் அந்த ஆத்மா மறுமையில் இருட்டில் தடவிக்கொண்டு திரியும். அவளுடைய அப்பா வயலில் ஒண்டியாய் விழுந்து அப்படித்தான் செத்தார். அம்மா சாகும்வரை அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். திஹோமிரை அப்படி அனுப்பமாட்டேன் என்று வுகோசாவா நெஞ்சுக்குள் சத்தியம் செய்திருந்தாள். கக்கூசுக்குப் போனால்கூடக் கதவைச் சாத்துவதில்லை.

இன்று காலை அவனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக இருந்தது. இரண்டு வாய் சூப்புகூடக் குடித்தான். சந்தைக்குப் பின்னால் மிலூட்டினிடம் பழைய மெஷின் சாமான் எல்லாம் கிடைக்கும், போய்விட்டு வா என்று கெஞ்சினான். கெஞ்சிப் பழக்கமில்லாத ஆள். பக்கத்து வீட்டு தேசாங்காவை உட்காரவைத்து, மெழுகுவர்த்தியைக் காட்டி, தீப்பெட்டியைக் காட்டி, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

இப்போது என்னடாவென்றால் நுனியைக் காணோம். கைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். திஹோமிரே எடுத்தான்.

"கிழவா, உள்பக்க நுனி எப்படி இருக்கும்னு கேக்குறாரு."

"உள்பக்கமா மடிஞ்சிருக்கும்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அச்சுல ஒரு வெட்டு இருக்கு. அதுல போய் உக்காரும்."

"அகலம்?"

"உன் சுண்டுவிரல் நகத்தை வச்சுப் பாரு. அதே அளவு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் நகத்தை எப்போது அளந்தானாம்? சுண்டுவிரலை முதல் ஸ்பிரிங்கின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. பொருந்துகிறது என்று போனில் சொன்னாள். பதில் வரவில்லை. யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் ஒரு காபி ஆறுகிற நேரம் யோசித்துவிட்டுத்தான் அவன் பதில் சொல்வான். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதே அப்படித்தான் செய்தான். அதனால் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நீல நிறமாக இருக்கிறது, துரு இல்லை, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், நுனி நீ சொன்ன மாதிரியே உள்ளே மடிந்திருக்கிறது. மிலூட்டின்தான் முதலில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அப்புறம் போனுக்குள் எங்கேயோ தூரத்தில் தேசாங்காவின் குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"மெழுகுவர்த்தி!" என்று வுகோசாவா கத்தினாள். "தேசாங்கா, கையில குடு! கையில குடு!"

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. திரும்பவும் உரசும் சத்தம். எதுவோ தரையில் விழுந்தது. தேசாங்கா அழுதாள். வுகோசாவாவுக்குப் பிரார்த்தனை ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் ஸ்பிரிங்தான். "கெடச்சிருச்சு கிழவா. சரியானதே கெடச்சிருச்சு. உள்பக்கமா மடிஞ்சது. என் நகத்து அளவு. நீ கவலப்படாத," என்று அதையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிலூட்டின் கடையைப் பூட்டக்கூட இல்லை. ஸ்பிரிங்கைச் செய்தித்தாளில் சுற்றி அவள் பையில் திணித்து, அவளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டான். பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன.

வீட்டில் திஹோமிரின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. வலது கையில் போன், காதோடு ஒட்டியபடி. வுகோசாவா அவன்மேல் விழுந்து அழுதபோது அவளுடைய அழுகையே அந்தப் போனிலிருந்து சன்னமாகத் திரும்பக் கேட்டது. அவள் பைக்குள் கிடந்த போனை அணைக்க மறந்திருந்தாள்.

தேசாங்கா சுவரோரமாக நின்று சொன்னாள். "இடது கையில வச்சேன், நிக்கல. விழுந்து அணைஞ்சு போச்சு. வலது கையிலேர்ந்து போனைப் பிடுங்கப் பாத்தேன். விடவே இல்ல வுகோசாவா. அந்த மனுஷனுக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு பலம் வந்துச்சோ." பிறகு குரலைத் தாழ்த்தி, ரோசாந்தா கேட்டால் மெழுகுவர்த்தி இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் தெரியவேண்டாம் என்றாள்.

ரோசாந்தா அவனுடைய தங்கை. கிராமத்திலிருந்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. வந்ததும் கறுப்புத் துணியால் கண்ணாடியை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், அண்ணன் நெற்றியில் முத்தமிட்டாள். அப்புறம் எல்லோரும் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"மெழுகுவர்த்தி இருந்துச்சா அண்ணி?"

தேசாங்கா வாயைத் திறந்தாள். வுகோசாவா முந்திக்கொண்டு, இல்லை, ஸ்பிரிங் வாங்கப் போயிருந்தேன் என்றாள்.

ரோசாந்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு துண்டு இரும்புக்கா அண்ணனை விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. வேனில் வரும்போது வுகோசாவாவும் தன்னிடம் அதைத்தானே கேட்டுக்கொண்டு வந்தாள்? போகாமல் இருந்திருக்கலாம். வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கலாம். மனசு ஆறவே இல்லை.

உடம்பைத் துடைக்கத் தேசாங்கா வென்னீர் கொண்டுவந்தாள். மூன்று பெண்களுமாகச் சட்டையைக் கழற்றினார்கள். இடது கை தொய்வாக வந்தது. வலது கையிலிருந்த போனை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், ஆனால் விரல்கள் மட்டும் அதே வளைவில் நின்றிருந்தன. இப்போதாவது வைப்போம் என்று ரோசாந்தா அந்தக் கைக்குள் மெழுகுவர்த்தியைச் செருகிப் பார்த்தாள். இடைவெளி அதிகம், அது சாய்ந்து சாய்ந்து விழுந்தது. விரல்களை நிமிர்த்தலாம் என்று கட்டைவிரலை அழுத்தத் தொடங்கினாள்.

"வேண்டாம் ரோசாந்தா," என்றாள் வுகோசாவா.

"கட்டணுமே அண்ணி. நெஞ்சு மேல கையைச் சேத்துக் கட்டணும்."

"கட்டலாம். கொஞ்ச நேரம் விடு."

ரோசாந்தா கையை எடுத்துக்கொண்டாள். வுகோசாவா படுக்கையில் உட்கார்ந்து, வளைந்து நின்ற அந்த விரல்களுக்குள் தன் கையை மெல்ல நுழைத்தாள். அவள் கைக்கு இடம் இருந்தது. ரோசாந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தண்ணீர் ஆறிப்போனதால் தேசாங்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பச் சூடு பண்ணப் போனாள்.